ஏற்காட்டில் செலவான பணம் யார் கணக்கில்?

மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் ஏற்காடு அடிவாரத்திலிருந்தே கார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கி, ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, திரும்பும்போது காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மொத்தம் 20,000 ரூபாய் ஆகிவிட்டது. இந்த 20,000 சேலம் மாவட்டத்தின் செலவா, சென்னையின் செலவா?

ஏற்காட்டில் செலவழித்தது ஏற்காட்டுக் கணக்கில்தானே வரும் என்று சட்டென்று தோன்றும். ஏற்காட்டில் இன்னும் எத்தனை விடுதிக்கு இடம் உண்டு, கடைக்காரர்களுக்கு எவ்வளவு வியாபாரம் என்று பார்ப்பவருக்கு அதுதான் சரியான விடை. சென்னைக் குடும்பங்கள் எவ்வளவு வசதியாக வாழ்கின்றன என்று பார்ப்பவருக்கோ அதே 20,000 சென்னையின் பக்கம் எழுதப்பட வேண்டும். சுற்றுலா போவதும் அவர்கள் வாழ்க்கைத் தரத்தில் ஒரு பகுதிதானே. இரண்டுமே முறையான கணக்குகள்தான். ஒன்று செலவு நடந்த இடத்தைப் பார்க்கிறது, மற்றது செலவழித்தவரின் வீட்டைப் பார்க்கிறது.

ஒரு முழு நாட்டுக்குக் கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இந்தியர்கள் செய்யும் செலவில் பெரும்பகுதி இந்தியாவுக்குள்தான் நடக்கிறது. மாநிலம், மாவட்டம், தாலுகா என்று சின்னதாக்கிக்கொண்டே வந்தால் வித்தியாசம் பெருத்துக்கொண்டே போகும். ஏற்காடு தாலுகா அளவுக்கு வந்துவிட்டால் இரண்டு கணக்கும் இரண்டு ஊர்க் கணக்கு மாதிரி இருக்கும். வட்டாரச் செலவு பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: கடையிருக்கும் இடத்தின் கணக்கா, வீடிருக்கும் இடத்தின் கணக்கா?

எது செலவு, எது செலவில்லை

சேலம் லீ பஜாரில் ஒரு மளிகைக் கடைக்காரர் ஐம்பது மூட்டை துவரம் பருப்பு எடுக்கிறார். லட்சக்கணக்கில் பணம் கை மாறுகிறது. நுகர்வுச் செலவுக் கணக்கில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அந்தப் பருப்பு இன்னும் விற்பனைக்குத்தான் போகிறது. அது யார் வீட்டுக் குழம்பில் போய் விழுகிறதோ அந்த வீடு கொடுக்கும் விலைதான் செலவு. நடுவில் நடந்ததையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே பருப்பை மூன்று நான்கு முறை எண்ணிவிடுவோம்.

நம்ம ஊர் தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிக்காரர் காலையில் சந்தையில் பீட்ரூட், கேரட், வெங்காயம் வாங்குகிறார். தட்டுவடை வேறொருவரிடமிருந்து பாக்கெட்டாக வருகிறது. இதெல்லாம் தொழிலுக்கான கொள்முதல். சாயங்காலம் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய காய்கறியை வைத்து அவர் நீட்ட, நாம் கொடுக்கும் காசு மட்டும்தான் இறுதிச் செலவு. அதே பீட்ரூட்டை வீட்டில் பொரியலுக்கு வாங்கினால், அப்போது பீட்ரூட் விலையே இறுதிச் செலவு. ஒரே காய், ஒரே சந்தை, ஒரே நாள். யார், எதற்கு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. கடைப்பக்க விற்பனைத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பச் செலவைச் சொல்ல முடியாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்த குழப்பம் உற்பத்தியோடு வருவது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த வெள்ளிக் கொலுசு வேறு மாநிலத்துக் கல்யாணப் பெண் காலுக்குப் போனால், உற்பத்தி சேலத்துடையது, செலவு அந்த மாநிலத்துடையது. ஜவ்வரிசியும் அப்படித்தான். சேலம் வட்டாரத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே விரத நாள் கிச்சடிக்குப் போகிறது. அதை விற்றுக் கொடுக்கவென்றே 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இங்கே தொடங்கப்பட்டது. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அந்த மின்சாரத்தின் மதிப்பு சேலம் மாவட்ட உற்பத்தியில் ஏறும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

அதனால் "தனிநபர் மாவட்ட உள்நாட்டு உற்பத்தி" என்று பத்திரிகையில் ஒரு எண் வந்தால் அது அந்த மாவட்டத்தில் என்ன உண்டானது என்பதைச் சொல்கிறது. அங்கிருப்பவர்கள் என்ன செலவழித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் பாவித்து மாவட்டங்களை வரிசைப்படுத்துவதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒரு பொருளாதாரத்தின் மொத்தச் செலவில் குடும்பங்களின் நுகர்வு, அரசின் நுகர்வு, முதலீடு, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உள்ள வித்தியாசம் என்று நான்கு பங்கு உண்டு. புது வீடு கட்டினால் அது முதலீடு. வெறும் மனை வாங்கினால் அது நுகர்விலும் வராது, முதலீட்டிலும் வராது, நிலத்தை யாரும் புதிதாக உண்டாக்கவில்லையே. இந்தியாவில் குடும்ப நுகர்வுதான் மிகப் பெரிய பங்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல். சிக்கலும் அதில்தான் அதிகம் என்பதால் இனி பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறேன்.

தொப்பூர் கணவாயில் சுங்கச்சாவடி உண்டு, சுங்கத்துறை இல்லை

நாடு முழுவதற்கும் குடும்பச் செலவை மதிப்பிட ஒரு அழகான வழி இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் நாட்டில் எவ்வளவு உற்பத்தியானது என்று எடுத்துக்கொள்வார்கள். இறக்குமதியைக் கூட்டுவார்கள், ஏற்றுமதியைக் கழிப்பார்கள். ஆலைகளும் ஓட்டல்களும் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டதைக் கழிப்பார்கள். அரசு வாங்கியது, முதலீட்டுக்குப் போனது, கிடங்கில் இருப்பாகச் சேர்ந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிச்சம் வீடுகளுக்குள்தான் போயிருக்க வேண்டும். பொருள் ஓட்டத்தைப் பின்தொடரும் இந்த முறையைத்தான் இந்தியாவின் தேசியக் கணக்குகளில் தனியார் நுகர்வுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

இந்த முறை நிற்பது எல்லையில். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கத்துறை உட்கார்ந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதுகிறது. தொப்பூர் கணவாயில் அப்படி யாரும் உட்காரவில்லை. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு ராத்திரி பகலாக லாரி இறங்குகிறது. எதில் தக்காளி, எதில் டைல்ஸ், அதில் எவ்வளவு சேலத்தில் இறங்கும், எவ்வளவு நாமக்கல், கரூர் தாண்டிப் போகும் என்று மாவட்ட வாரியாக யாரும் எழுதி வைப்பதில்லை. சுங்கச்சாவடிக்குத் தெரிந்ததெல்லாம் வண்டிக்கு எத்தனை அச்சு என்பதுதான்.

2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே இ-வே பில் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் பெரும்பாலும் ஒரு மின்னணு ரசீது உண்டாகிறது. ஆனால் காய்கறி, பால் போன்ற பல பொருட்களுக்கு விலக்கு இருக்கிறது, சின்ன சரக்குகளும் தப்பிவிடும், சேவைகளுக்கு லாரியே வேண்டாம். மிச்சத்தை வைத்துச் செலவைக் கண்டுபிடிக்கும் வழி மாநிலம், மாவட்டம் என்று இறங்கும்போது நொண்டுவது இதனால்தான். இந்தியாவில் மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியை உற்பத்திப் பக்கத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். செலவுப் பக்கத்து முழுக்கணக்கு மாநிலங்களுக்கு வழக்கமாக வருவதில்லை.

வாசலில் வந்து நிற்கும் கேள்வித்தாள்

அப்படியானால் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டியதுதான். தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ். அதன் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுதான் இந்தக் கணக்குக்கெல்லாம் ஆதாரம். 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த சுற்றில் நாடு முழுக்க 2,61,746 வீடுகளில் கேட்டார்கள், 405 பொருட்களைப் பற்றி. உத்தேசமாக ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு.

கேட்பது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக்கு அந்தக் கணக்கெடுப்பாளர் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "போன ஏழு நாளில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு காய், எவ்வளவு முட்டை?" என்கிறார். அது ஓரளவு நினைவிருக்கும். அரிசி, பருப்பு, பால், கேஸ் இவற்றுக்கு முப்பது நாள் கணக்குக் கேட்கிறார். துணி, செருப்பு, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் படுத்த செலவு, மிக்ஸி, டிவி இவற்றுக்கு ஒரு வருடக் கணக்கு. ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்? முட்டைக்கு ஒரு வருடக் கணக்கு கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜுக்கு ஏழு நாள் கணக்கு கேட்டால் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பூஜ்யம் வரும், யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் அந்த வாரம் முப்பதாயிரம் வரும்.

கால அளவை மாற்றினால் விடையும் மாறும். 1999-2000 சுற்றில் உணவுக்கு ஏழு நாள், முப்பது நாள் இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே உட்காரலில் கேட்டார்கள். ஒரு விடை இன்னொன்றை இழுத்துக்கொண்டது. ஒன்றைச் சொன்னவர் மற்றதை அதோடு பொருத்திச் சொன்னார். அந்தச் சுற்றை வைத்து வறுமை குறைந்ததா இல்லையா என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். கேள்வித்தாளில் ஒரு கட்டத்தைச் சேர்த்ததற்கு நாடு கொடுத்த விலை அது.

2022-23 சுற்றில் இன்னொரு மாற்றம் செய்தார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டு ஆளைக் களைப்பாக்காமல், உணவுக்கு ஒரு தடவை, அன்றாடச் சாமான்களுக்கும் சேவைகளுக்கும் ஒரு தடவை, நீடித்து உழைக்கும் பொருட்களுக்கு ஒரு தடவை என்று மூன்று மாதத்தில் மூன்று முறை போனார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் முந்தைய 2011-12 எண்களோடு நேராக ஒப்பிட முடியாமல் போனதும் இதனால்தான். நடுவில் 2017-18-ல் ஒரு சுற்று நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அதன் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று 2019-ல் மத்திய அரசு அறிவித்துவிட்டது. பதினோரு வருடம் இந்தியாவுக்கு வெளியிடப்பட்ட நுகர்வுக் கணக்கே இல்லை.

பணமே கொடுக்காமல் வந்த பொருளை என்ன செய்வது? ஏற்காட்டில் ஒரு வீட்டுக்காரர் தன் தோட்டத்துக் காப்பியை வறுத்து அரைத்துக் குடிக்கிறார். கடையில் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை. இருந்தாலும் அது நுகர்வு. சொந்தமாக விளைந்ததற்குத் தோட்டத்து விலையைப் போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். ரேஷன் அரிசி இங்கே 2011 முதல் இலவசம். அதை பூஜ்யமாக எழுதுவதா, சந்தை விலை போடுவதா? 2022-23 அறிக்கையில் இரண்டு விதமாகவும் கொடுத்தார்கள். இலவச அரிசி மட்டுமில்லாமல் பள்ளிச் சீருடை, சைக்கிள், லேப்டாப் போன்றவற்றுக்கும் மதிப்புப் போட்ட ஒரு கணக்கு, போடாத ஒரு கணக்கு. மதிப்புப் போடாத கணக்கில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630. இந்திய சராசரி முறையே 3,773, 6,459. கைக்குழந்தை முதல் தாத்தா வரை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்ட எண் இது. நான்கு பேர் உள்ள கிராமத்து வீடு என்றால் மாதம் சுமார் 21,000.

வீட்டுக்குள் இருந்து பதில் சொல்பவருக்கே தெரியாத செலவும் இருக்கிறது. பையன் வெளியில் குடித்த டீ, பெண்ணின் போன் ரீசார்ஜ். தெரிந்தும் சொல்லாத செலவும் இருக்கிறது: சிகரெட்டும் சாராயமும் எந்த நாட்டு ஆய்விலும் குறைத்துத்தான் சொல்லப்படுகின்றன. அதனால் பல நாடுகளில் இந்த இரண்டுக்கு மட்டும் வீட்டுப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு வரித் தரவை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கிடம் இருப்பதால் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்று ரூபாய் வரை தெரியும். வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்பது மட்டும் தெரியாது. இங்கேயும் பாருங்கள், கடைத் தரவு கையில் கிடைத்ததும் வீட்டு முகவரி தொலைந்துவிடுகிறது.

சேலத்துக்கு மட்டும் சொல்ல முடியுமா

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் அடிப்படையே அதுதான், ஒரு நிபந்தனையோடு: பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும். சேலம் மாவட்டம் அப்படி வெந்த பானை இல்லை. சேர்வராயன் மலைக் கிராமம் ஒரு விதம், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒரு விதம், எடப்பாடி விசைத்தறி வீடு ஒரு விதம், அஸ்தம்பட்டியில் கார் நிற்கும் வீடு வேறு விதம்.

அதற்காகத்தான் முதலில் அடுக்கு அடுக்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். கிராமம், நகரம் என்று ஒரு பிரிவு. மாவட்டத் தலைநகரை ஒட்டி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கிராமங்கள் தனி, மற்றவை தனி. கிராமத்துக்குள் போனால் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிப்பார்கள். நகரத்தில் கார் இருக்கிறதா, இருந்தால் பத்து லட்சத்துக்கு மேலா கீழா என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சில வீடுகள், ஒரு கிராமத்துக்கோ நகர வட்டத்துக்கோ மொத்தம் 18. எடுத்த ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்று ஒரு பெருக்கல் எண் வைத்து மேலே கூட்டிக்கொண்டு போவார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் கற்பனை, வழி மட்டும் நிஜம். ஒரு பகுதியில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக 5,000 ரூபாய், வீட்டுக்கு வீடு அது 3,000 அளவில் மேலும் கீழும் சிதறியிருக்கிறது என்போம். 400 வீட்டில் கேட்டால் நாம் கண்டுபிடிக்கும் சராசரியில் வரக்கூடிய பிழை, 3,000-ஐ 400-ன் வர்க்கமூலமான 20-ஆல் வகுத்தால் 150. இரு மடங்கு இடம் விட்டுச் சொன்னால் 4,700 முதல் 5,300 வரை. ஓரளவு பரவாயில்லை. ஏற்காடு தாலுகாவில் ஒரே ஒரு கிராமம்தான் மாதிரியில் விழுந்தது, 18 வீடுதான் என்றால்? பிழை 700-ஐத் தாண்டும். அப்புறம் விடை 3,600-க்கும் 6,400-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். அந்த 18 வீடும் ஒரே கிராமத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றைப் போலவே ஒன்று செலவழிக்கும், எனவே உண்மையான பிழை இதைவிடவும் கூடுதல். பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் வீடுகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும். எந்த அரசிடமும் அதற்குப் பணமும் ஆளும் இருக்காது.

மாநிலத்துக்கு நம்பகமாக இருக்கும் ஆய்வு மாவட்டத்துக்கு ஆட்டம் காணும், தாலுகாவுக்கு உதவவே உதவாது. வேறு வழி வேண்டும்.

ஒரு வழி மேலிருந்து பங்கு பிரிப்பது. மாநிலம் முழுக்கப் பாலுக்கு ஆன செலவு 1,000 கோடி என்று வையுங்கள். ஆய்வில் பால் வாங்காத வீடு அபூர்வம் என்பதால் அதை வைத்தே சேலத்தின் பங்கு 5 சதவீதம் என்று எடுக்கலாம், 50 கோடி. கார் வாங்கிய செலவுக்கு இது ஒத்து வராது, சில நூறு வீட்டில் அந்த வருடம் கார் வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பதிவான சொந்த உபயோகக் கார்களின் பங்கை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்கு வீட்டு இணைப்புகளின் யூனிட், பள்ளிக் கட்டணத்துக்கு மாணவர் எண்ணிக்கை என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கு ஒட்டிய ஒரு அளவுகோலைத் தேடுவார்கள்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஊர் தெரிந்தவரின் தேவை இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் டீசல் விற்பனையை வைத்து மக்கள் போக்குவரத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று மதிப்பிட்டால் தலைகீழாகப் போய்விடும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் போகும் லாரி எந்த மாநிலத்துடையதாகவும் இருக்கலாம், அதில் ஊற்றியது தொழில் செலவு. வாகனப் பதிவை மொத்தமாக எடுத்தாலும் இதே கதிதான். லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரியில் பதிவான லாரி யாருடைய குடும்ப நுகர்வும் இல்லை, அது முதலீடு. சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குச் சங்ககிரிக்காரர்கள் எல்லோரும் வாகனப் பைத்தியம் என்று தோன்றலாம்.

இன்னொரு வழி, சிறு பகுதிகளுக்கு மற்ற பகுதிகளிடமிருந்து பலம் கடன் வாங்குவது. 1979-ல் அமெரிக்காவில் ஃபே, ஹெரியட் என்ற இருவர், ஆயிரம் பேருக்கும் குறைவான சின்ன ஊர்களின் தனிநபர் வருமானத்தை மதிப்பிட இந்த வழியை உருவாக்கினார்கள். ஒரு ஊரில் நேரடியாகக் கேட்டுக் கிடைத்த சராசரி ஒரு பக்கம். வீட்டு மதிப்பு, வரித் தரவு போன்றவற்றை வைத்து, அதைப் போன்ற ஊர்களில் எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பு இன்னொரு பக்கம். ஊரில் நிறைய வீட்டில் கேட்டிருந்தால் நேரடிச் சராசரிக்குக் கூடுதல் எடை, குறைவாகக் கேட்டிருந்தால் கணிப்புக்குக் கூடுதல் எடை. இன்று உலகம் முழுக்க இதன் வாரிசுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. எனக்குப் பிடித்த முறையும் இதுதான், தன்னிடம் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதை அந்த எடையிலேயே ஒத்துக்கொள்வதால். ஒரு குறை உண்டு: தன் அண்டை ஊர்களைப் போல இல்லாத ஊரை இது சராசரியை நோக்கி இழுத்துவிடும். ஏற்காடு அப்படிப்பட்ட ஊர்தான்.

பணம் பிரிக்கும்போது

இந்த எண்கள் வெறும் அறிக்கைக்கு என்று நினைப்பவர்கள் கனடாவைப் பார்க்கலாம். 1997 ஏப்ரலில் மூன்று மாகாணங்கள் தங்கள் விற்பனை வரியை மத்திய வரியோடு சேர்த்து ஒரே வரியாக்கின. வசூல் முழுக்க மத்திய அரசின் பெட்டிக்குப் போகும், அதை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த மாகாணத்தில் எவ்வளவு வரிக்குரிய செலவு நடந்தது என்ற புள்ளியியல் துறையின் மதிப்பீடுதான் அந்தப் பங்கீட்டுச் சூத்திரத்துக்கு அடிப்படை. எண் ஒரு சதவீதம் தவறினால் ஒரு மாகாணத்தின் பணம் இன்னொன்றின் கைக்குப் போகும். அதனால் அங்கே மாகாணப் புள்ளிவிவரங்களை மேம்படுத்தத் தனித் திட்டமே போட்டார்கள். குடும்பச் செலவு ஆய்வைப் புதுப்பித்து, மாகாணத்துக்கு மாகாணம் நடக்கும் வணிகத்தையும் வருடாவருடம் அட்டவணை போட ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவில் வேறு பாதை. அங்கே 2015 முதல் மாநில வாரியான நுகர்வுச் செலவை முறையாக வெளியிடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளாதாரக் கணக்கெடுப்பின் கடை விற்பனையில் தொடங்குகிறார்கள், பிறகு வெளியூர்க்காரர்கள் செய்த செலவை அவரவர் மாநிலத்துக்குத் திருப்புகிறார்கள். நெவாடாவை நினைத்துப் பாருங்கள். லாஸ் வேகாஸில் செலவாகும் பணத்தையெல்லாம் அந்த மாநிலத்தார் தலையில் கட்டினால் அவர்களைப் போல ஊதாரிகள் உலகத்திலேயே இல்லை என்றாகிவிடும்.

இந்தியாவில் 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியும் நுகரும் இடத்துக்கே வரி என்ற கொள்கையில்தான் நிற்கிறது. கனடாவில் மதிப்பீட்டின்படி பிரிக்கிறார்கள், இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் வழங்கும் இடம், அதாவது பொருளோ சேவையோ எந்த இடத்தில் வழங்கப்பட்டதாகக் கொள்வது என்பது, விதிப்படி முடிவாகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பெங்களூருக்காரர் ஏற்காட்டில் அறை எடுத்தால் வழங்கும் இடம் விடுதி இருக்கும் இடம், வரியின் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு. கடையில் நின்று வாங்கினால் கடை இருக்கும் இடம். ஆக இது செலவு நடந்த இடத்தின் கணக்கு, வாழ்க்கைத் தரத்தின் கணக்கு இல்லை. மாவட்டத்துக்கு இறங்கினால் இன்னொரு தடை வருகிறது. ஒரு நிறுவனம் ஒரு மாநிலத்துக்கு ஒரு பதிவு எடுத்தால் போதும். சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய துணிக்கடையின் கிளை விற்பனை, தலைமை அலுவலகம் இருக்கும் வேறு ஊரிலிருந்து மாநில மொத்தமாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். சேலத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எடுக்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

அரசுச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து போன்றவை எந்த மாவட்டத்தில் நடந்ததோ அங்கே எழுதிவிடலாம். ராணுவத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆகும் செலவில் சேலத்தின் பங்கு என்ன என்று கேட்டால் தலைக்கு இவ்வளவு என்று மரபுப்படி பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டினால் பொருந்தாத கூட்டல்

எல்லா வீடுகளிலும் கேட்டு மேலே கூட்டிய தொகையும், பொருள் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து கிடைத்த தேசியக் கணக்குத் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் 2011-12-ல் முதலாவது, இரண்டாவதில் பாதியளவுதான் இருந்தது. காரணங்களில் சில நியாயமானவை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே கொடுப்பதாகப் பாவிக்கும் வாடகை தேசியக் கணக்கில் உண்டு, ஆய்வின் மாதச் செலவில் இல்லை. மற்ற காரணங்கள் சங்கடமானவை. பெரிய பணக்காரர்கள் மாதிரியில் விழுவது அபூர்வம், விழுந்தாலும் காவலாளி கேட்டைத் திறப்பதில்லை.

வட்டாரக் கணக்குப் போடுபவர்கள் வழக்கமாகத் தேசியத் தொகையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, எல்லாப் பகுதியையும் ஒரே விகிதத்தில் ஏற்றி அதற்குப் பொருத்துவார்கள். கூட்டல் சரியாகிவிடும். விடுபட்ட செலவு பெரும்பாலும் மாநகரங்களின் பணக்காரத் தெருக்களில் இருக்கும்போது அதில் ஒரு பங்கைச் சேர்வராயன் மலைக்கும் ஏற்றிவிட்டோம் என்பது அட்டவணையில் தெரியாது. இந்தப் பொருத்தலை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

விலைவாசியும் இருக்கிறது. சென்னையில் 8,000 செலவழிப்பவரும் ஆத்தூரில் 6,000 செலவழிப்பவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாழலாம், வாடகை வித்தியாசம் ஒன்றே போதும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இதற்கு உதவாது. அது ஒரு இடத்தில் போன வருடத்தைவிட விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும், ஒரு ஊரைவிட இன்னொரு ஊர் எவ்வளவு மலிவு என்று சொல்லாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விலை மட்டத்தை ஒப்பிடும் தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, தலைக்கு எவ்வளவு என்று சொல்ல எத்தனை தலை என்று தெரிய வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம் பேர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். அதுவரை எல்லாம் கணிப்பு எண்தான். கட்டட வேலைக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களை அந்தக் கணிப்பு எவ்வளவு பிடிக்கும் என்பது தனிக் கேள்வி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்பது ஆய்வின் விதி. வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் பத்துப் பேர் சேர்ந்து சமைத்தால் அவர்கள் ஒரு குடும்பம், செலவு சேலத்தில். அவர்கள் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம் அங்கே பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும் வீட்டில் அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறும்போது, அந்த மாநிலத்தின் செலவாக அங்கே எழுதப்படும்.